உள்ளிருந்து அரித்த துரு: டொயோட்டா டகோமா சேஸ் விவகாரம்

2008 மார்ச்சில் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. 1995 முதல் 2000 வரையிலான மாடல் டகோமா பிக்கப் வைத்திருப்பவர்கள் வண்டியை டீலரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸில் துரு அரித்துப் பொத்தல் விழுந்திருந்தால் டொயோட்டா சரிசெய்து தரும், இல்லாவிட்டால் வண்டியையே வாங்கிக்கொள்ளும். விலைதான் விசேஷம். பழைய வண்டிகளுக்கு விலை சொல்லும் கெல்லி புளூ புக்கில், மிக நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறதோ அதைப் போல ஒன்றரை மடங்கு. வண்டி உண்மையில் எந்த நிலையில் இருந்தாலும் சரி. அதோடு சேஸ் துருவுக்கு 15 ஆண்டு வாரண்டி, ஓடிய தூரத்துக்கு வரம்பே கிடையாது. ஏறக்குறைய 8 லட்சம் வண்டிகள் இந்தத் திட்டத்துக்குள் வந்தன.

பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த வண்டியை ஒன்றரை மடங்கு விலைக்கு வாங்கிக்கொள்ள எந்தக் கம்பெனியும் ஆசைப்படாது. அந்த அளவுக்கு என்ன நடந்தது, துருவுக்கு என்ன வைத்தியம் செய்தார்கள், அதில் எது எடுபட்டது, எது கண்துடைப்பு என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். சேஸ் துருவைப் பற்றி இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு ஆண்டுகள், இவ்வளவு செலவில் நடந்த பாடம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. டகோமா என்பது அமெரிக்கச் சந்தைக்கென்றே டொயோட்டா 1995இல் இறக்கிய நடுத்தர பிக்கப். கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டாக நடத்திய நம்மி ஆலையில் தயாரானது. இஞ்சின் நல்ல உழைப்பாளி; லட்சக்கணக்கான மைல் ஓடியும் அலுக்காது. சேஸ் மட்டும் டொயோட்டாவின் சொந்தத் தயாரிப்பு அல்ல. டேனா என்ற அமெரிக்க உதிரிபாக நிறுவனம் செய்து கொடுத்தது. சாலையில் உப்பே காணாத தென் மாநிலங்களில் அந்தச் சேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வடகிழக்கிலும் பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் ஓடிய வண்டிகளில் இஞ்சினுக்கு முன்பே சேஸ் செத்தது.

அந்தப் பக்கங்களில் பனிக்காலம் வந்தால் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்கு இரண்டு கோடி டன் அளவுக்கு உப்பு இப்படிச் சாலைக்குப் போகிறது. சாதாரண கல்லுப்பு மட்டுமல்ல. குளிர் கடுமையான இடங்களில் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் கரைசலாகத் தெளிக்கப்படுகின்றன. இந்த இரண்டும் பொல்லாதவை. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசிந்து நீராகும். கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் 30 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். அதாவது, மழை பெய்து ஒரு வாரம் ஆகிவிட்டது, வண்டி காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் அந்த உப்பு படிந்த இரும்பு நனைந்தேதான் இருக்கும்.

இன்னொன்று. நடுக்குளிரில் துரு மெதுவாகத்தான் ஓடும். ஆபத்து அதற்குப் பிறகு. உப்புச் சேறு அப்பிய வண்டியைக் கதகதப்பான கராஜுக்குள் விட்டால் பனி உருகி, உப்புக் கரைசல் ஒவ்வோர் இடுக்கிலும் இறங்கும். வசந்தம் வந்து வெயில் ஏறினால் வேகம் இன்னும் கூடும். வண்டியை அக்கறையாக உள்ளே நிறுத்தியவருக்கே அதிகச் சேதம்.

சரி, எல்லா வண்டியும் அதே சாலையில்தான் ஓடின. டகோமா மட்டும் ஏன்? டொயோட்டா அப்போது சொன்ன விளக்கம் இதுதான்: சில வண்டிகளின் சேஸில் துருத்தடுப்புப் பூச்சு போதுமான அளவு இல்லை, அதோடு உப்பும் நீண்ட காலமாகச் சேர்ந்ததால் இயல்புக்கு மீறிய துரு வந்திருக்கிறது. சாதாரண மேல்துரு வேறு, இது வேறு என்றும் அழுத்திச் சொன்னார்கள். அந்த வேறுபாடு சரியானது. ஆனால் பூச்சு போதவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் விஷயத்தில் பாதி விடுபட்டுப்போகும். மீதிப் பாதி சேஸின் வடிவத்தில் இருக்கிறது.

பழைய லாரி சேஸை எல்லோரும் பார்த்திருப்போம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளச் சட்டம், ஆங்கில 'சி' எழுத்து போலத் திறந்த வாய். கை விட்டுத் துடைக்கலாம், தூரிகை விட்டுப் பெயின்ட் அடிக்கலாம், தண்ணீர் தானாக வழிந்துவிடும். முதல் தலைமுறை டகோமாவின் சட்டம் அப்படியல்ல. நாலு பக்கமும் மூடிய பெட்டி. பெட்டிச் சட்டம் எடை குறைவாகவும் முறுக்குக்கு உறுதியாகவும் இருக்கும், அதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு உள்பக்கம் என்று ஒன்று உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டைகள் உண்டு. டயர் வாரியடிக்கும் உப்புத் தண்ணீரும் மண்ணும் அந்த ஓட்டைகள் வழியே உள்ளே போகும். தண்ணீர் வடியும், மண் வடியாது. தாழ்ந்த இடங்களில், குறிப்பாகக் குலுக்கலைத் தாங்கும் பின்பக்கத் தகட்டு வில்லான லீஃப் ஸ்பிரிங்கின் முன் கொக்கி பொருத்தியிருக்கும் பகுதியில், மண் தங்கிப் பாளமாகிவிடும். அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஈரம் உப்பைப் பிடித்து வைக்கும்.

போதாததற்குச் சுமை அதிகம் வரும் இடங்களில் வலுவுக்காகத் தகட்டின்மேல் தகடு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவே தலைமுடி அளவு இடுக்கு. பூச்சு அதற்குள் சரியாகப் போகாது, உப்புத் தண்ணீர் போகும். உள்ளே ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம்; இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறு மின்கலமாகி, இடுக்கின் உட்பக்க இரும்பு கரையத் தொடங்கும். கரைந்த இரும்போடு குளோரைடு சேர்ந்து அந்த இடத்தை அமிலமாக்கும், அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கும். குளோரைடு இதில் செலவாவதே இல்லை. ஒரு முறை உள்ளே போன உப்பு, கழுவி எடுக்காதவரை, திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். இரும்பு துருவானால் பருமனில் பல மடங்கு பெருக்கும் என்பதால், இடுக்கில் உண்டாகும் துரு இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரிக்கும். வெளியே லேசாக உப்பியது போலத் தெரியும். அந்த உப்பலைச் சுத்தியலால் தட்டினால் முட்டை பப்ஸின் மேல்மாவு போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழும். ஒரு விரல் தடிமனுக்குச் செதில் விழுந்ததும் "ஐயோ, இவ்வளவு இரும்பு போச்சே" என்று பதறவும் வேண்டாம், கருப்பாக உறுதியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது. செதிலை முழுக்க எடுத்த பிறகு மிஞ்சும் தகட்டின் கனம்தான் கணக்கு.

இதிலிருந்து தெரியவேண்டியது: டகோமாவின் சேஸ் வெளியிலிருந்து உள்ளே அரிக்கவில்லை. உள்ளிருந்து வெளியே அரித்தது. வெளியே பொத்தல் தெரிந்த அன்று, உள்ளே பல ஆண்டுகளாகக் காரியம் நடந்து முடிந்திருந்தது. இதற்குப் பிறகு டொயோட்டா செய்த ஒவ்வொரு வைத்தியத்தையும் நான் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

1995–2000 மாடலோடு கதை முடியவில்லை. 2001 முதல் 2004 வரையிலான டகோமாக்களுக்கும் திட்டம் நீட்டிக்கப்பட்டது. அங்கே வண்டியைத் திரும்ப வாங்குவதை விட்டுச் சேஸையே மாற்றித் தரும் வழிக்குப் போனார்கள். 2009 நவம்பரில் பெரிய பிக்கப்பான டன்ட்ரா சிக்கியது. 2000–2003 மாடல், ஏறக்குறைய 1,10,000 வண்டிகள், உப்புக் கொட்டும் 20 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும். இந்த முறை விருப்பத் திட்டம் அல்ல, பாதுகாப்புக்கான ரீகால், அதாவது வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது.

காரணம் ஸ்டெப்னி. டன்ட்ராவில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில், இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான பின் கிராஸ் மெம்பரில் தொங்கும். அந்தக் கிராஸ் மெம்பர் அரித்துப்போனால் ஓடும்போதே ஸ்டெப்னி கழன்று சாலையில் விழும். பின்னால் வருகிறவன் கதி என்ன? அதே இடத்தையொட்டிப் பின் பிரேக் குழாய்களும் இருப்பதால் பிரேக் போகும் அபாயமும் உண்டு. சரிசெய்யும் வரை ஸ்டெப்னியை அடியிலிருந்து கழற்றி வையுங்கள் என்று உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை போனது. 2012 நவம்பரில் 2001–2004 டகோமாக்கள் சுமார் 1,50,000க்கும் ஸ்டெப்னி தாங்கிக்காகவே ரீகால் வந்தது. துரு முதலில் காவு வாங்குவது நீளச் சட்டத்தை அல்ல, அதில் தொங்கும் சின்னச் சின்ன விஷயங்களைத்தான். ஸ்டெப்னி சங்கிலி, பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க்கைத் தாங்கும் பட்டை. சேஸ் இரண்டாக மடிந்த படங்கள் பரபரப்பாகப் பரவும். ஆனால் ஆள் சாகக்கூடியது பெரும்பாலும் பிரேக் குழாயால்.

பிறகு டகோமாவின் இரண்டாம் தலைமுறை. சேஸின் வடிவம் மாறியிருந்தது. முன்பாதி மூடிய பெட்டி, பின்பாதி திறந்த 'சி'. துரு இதிலும் வந்தது. வழக்குகள் நடந்தன. 2016 நவம்பரில் கலிபோர்னியா மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் சமரசத்துக்கு ஒப்பந்தம் வைக்கப்பட்டது. 2005–2010 டகோமா, 2007–2008 டன்ட்ரா, டொயோட்டாவின் பெரிய எஸ்யூவியான செக்கோயா 2005–2008, மொத்தம் சுமார் 15 லட்சம் வண்டிகள். முதல் விற்பனையிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வந்தால் இலவசச் சோதனை, சேஸ் தேறாவிட்டால் இலவசமாகப் புதுச் சேஸ். ஒரு சேஸை மாற்ற ஏறக்குறைய 15,000 டாலர் ஆகும் என்றும், மொத்தமாக 340 கோடி டாலர் வரை போகலாம் என்றும் மதிப்பிட்டார்கள். டொயோட்டா தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சேஸ் செய்த டேனா முதல் தலைமுறை விஷயத்தில் டொயோட்டாவுக்கு 2.5 கோடி டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது. சேஸ் தயாரிக்கும் பிரிவையே 2010இல் மெக்சிகோவின் மெட்டல்சாவுக்கு விற்றும்விட்டது.

'தேறாவிட்டால்' என்றால் என்ன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 10 மில்லிமீட்டர் அல்லது அதைவிடப் பெரிய பொத்தல். அதுதான் கோடாக இருந்தது. டீலரின் ஆள் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சந்தேகமான இடங்களைச் சுத்தியலால் தட்டி, விழுந்த பொத்தலை அளப்பார். 10 மில்லிமீட்டர் இருந்தால் 15,000 டாலர் சேஸ் இலவசம். 8 மில்லிமீட்டர் என்றால் குளிர் மாநிலமாக இருந்தால் ஒரு துருத்தடுப்புப் பூச்சு, வணக்கம்.

நீதிமன்றத்துக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இப்படி ஒரு எண் தேவைதான். லட்சக்கணக்கான வண்டியை நூற்றுக்கணக்கான டீலர்கள் ஒரே மாதிரி சோதிக்க வேண்டுமானால் வேறு வழி இல்லை. ஆனால் இரும்புக்கு அந்த எண் தெரியாது. 3 மில்லிமீட்டர் தகடு அரை மில்லிமீட்டராகத் தேய்ந்து, இன்னும் பொத்தல் விழாமல் ஒரு சாண் நீளத்துக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 10 மில்லிமீட்டர் பொத்தல் ஒன்றே ஒன்று உள்ள நல்ல தகட்டைவிட மோசம். அதைப் பிடிக்க மீயொலிக் கனமானி என்ற சின்னக் கருவி போதும். துருவைச் சுரண்டிவிட்டுத் தகட்டின் ஒரு பக்கத்தில் வைத்தால் மிஞ்சிய கனத்தைச் சொல்லிவிடும். கப்பலிலும் கொதிகலனிலும் தினசரி பயன்படுத்துவது. சேஸ் சோதனையில் அதைக் கட்டாயமாக்கியிருந்தால் செலவு எங்கோ போயிருக்கும், அதனால்தானோ என்னவோ யாரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து அந்தப் பூச்சு. தேறிய சேஸ்களுக்கு அடிக்கப்பட்டது மெழுகு கலந்த துருத்தடுப்புக் கலவை. மெழுகுப் பூச்சு என்பது நல்ல பொருள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது எதன்மேல் அடிக்கப்படுகிறது? உப்பைக் கழுவாமல், செதிலை எடுக்காமல், ஈரம் காயாமல் அடித்தால் உப்பும் ஈரமும் பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். மேலே பளபளப்பான கருப்பு, உள்ளே பழைய வேலை தொடரும். அடுத்த சோதனைக்கு வருகிறவருக்கும் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. நிதானமாகக் கழுவி, ஓரிரு நாள் உலரவிட்டு, பெட்டிக்குள்ளும் குழாய் விட்டு அடித்த டீலர்களிடம் போன வண்டிகளுக்குப் பலன் இருந்திருக்கும். அரை நாளில் முடித்து அனுப்பிய இடங்களில் மெழுகு வெறும் ஒப்பனை.

ஆக, முறையாகச் செய்வது எப்படி? உப்புக் கொட்டும் ஊர்களில் இந்த வேலையையே தொழிலாக வைத்திருப்பவர்களின் வழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்டியைத் தூக்கி, பின்சக்கரங்களையும் ஸ்டெப்னியையும் கழற்ற வேண்டும். முதல் வேலை தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீர். சட்டத்தின் முன் ஓட்டை ஒன்றில் வளையும் குழாயை நுழைத்துத் திறந்துவிட்டால், பின்னால் உள்ள வடிகால் ஓட்டை வழியே முதலில் ஒன்றும் வராது. ஒரு கம்பியால் அந்த ஓட்டையைக் குத்திவிட்டால் காபி நிறத்தில் சேறு கொட்டும், கூடவே துருச் செதில். தெளிந்த தண்ணீர் வரும் வரை விடக்கூடாது. பிறகு உலர வேண்டும். சட்டத்துக்குள் ஊதுகாற்று விட்டு, முடிந்தால் இரண்டு மூன்று நாள் வெயிலில் நிறுத்தி. இந்த உலர்த்தலைத்தான் எல்லோரும் சுருக்குகிறார்கள், இங்கேதான் பாதி வேலை கெடுகிறது.

அடுத்து செதில். சுத்தியல், சுரண்டி, ஊசிமுனைக் காற்றுச் சுத்தியல், கிரைண்டரில் கம்பிப் பிரஷ். மணல் பீய்ச்சினால் சுத்தம் அருமையாக வரும். ஆனால் பெட்டிச் சட்டத்தில் ஓட்டைகளை அடைக்காமல் பீய்ச்சினால் மணல் உள்ளே புகுந்து, பழைய மண் செய்த வேலையைப் புது மண் ஏற்றுக்கொள்ளும். இந்த நிலையில்தான் தட்டிப் பார்த்து, கனம் அளந்து, இது பூச்சோடு போகுமா, வெல்டிங்கா, சேஸ் மாற்றமா என்று முடிவெடுக்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். தேய்ந்தது தொப்பென்று கேட்கும்.

வெளிப்பக்கத்தில் மிஞ்சும் மெல்லிய, கெட்டியாக ஒட்டிய துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் பூசலாம். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ உள்ள திரவம். துருவை ஈரத்தில் கரையாத கருப்புப் படலமாக மாற்றும். இதை மந்திரத் தண்ணீராக நினைத்துச் செதிலின்மேல் ஊற்றுகிறவர்கள் உண்டு. மேல் அடுக்கோடு அது நின்றுவிடும், அடியில் துரு அப்படியே இருக்கும். வெறும் இரும்பு தெரியும் அளவுக்குச் சுத்தம் செய்ய முடிந்த இடத்தில் கன்வர்ட்டரே வேண்டாம், பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமரே நேரடியாகச் சிறந்தது. துத்தநாகம் நிறைந்த பிரைமரும் அப்படித்தான். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும், அதற்கு அது இரும்பைத் தொட்டிருக்க வேண்டும். துருவின்மேல் அடித்த துத்தநாகம் வீண். அதன்மேல் சேஸ் பெயின்ட்.

ரப்பர் மாதிரி தடிமனாகப் படியும் அண்டர்கோட்டிங்கைப் புது வண்டிக்கு, சுத்தமான தகட்டில் அடித்தால் கல்லடிக்குத் தாங்கும். ஏற்கெனவே துருப்பிடித்த பழைய சேஸில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஓரத்தில் ஒரு விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து தங்கிவிடும். பிரித்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

கடைசியாக, டகோமாவைப் பொறுத்தவரை இதுதான் முதலில் வரவேண்டிய வேலை: உள்பக்கம். நீளமான மெல்லிய குழாய், நுனியில் நாலா பக்கமும் பீய்ச்சும் மூக்கு. அதைச் சட்டத்தின் ஓட்டை வழியே கடைசி வரை நுழைத்து, பீய்ச்சியபடியே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். கேவிட்டி மெழுகு என்று விற்பதும், கம்பளிக் கொழுப்பான லானோலினை அடிப்படையாகக் கொண்ட திரவமும் இதற்கு உகந்தவை. இரண்டுக்கும் குணம் வேறு. மெழுகு காய்ந்து படலமாகிச் சில ஆண்டுகள் இருக்கும். லானோலினும் எண்ணெய் வகைகளும் காய்வதே இல்லை. ஊர்ந்து ஊர்ந்து, மெழுகு எட்டாத அந்தத் தலைமுடி இடுக்குக்குள்ளும் போகும், ஆனால் கழுவுப்பட்டுப் போவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கனடாவில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வண்டிக்கு எண்ணெய் அடித்துக்கொள்ள வரிசையில் நிற்பது அங்கே பலருக்கு வழக்கம். பழைய துரு உள்ள பெட்டிச் சட்டத்துக்கு, என் தேர்வு அந்தக் காயாத எண்ணெய்தான். துருவை முழுக்க எடுக்க முடியாத இடத்தில் துருவுக்குள் ஊறக்கூடிய பொருள்தான் வேண்டும். அடிக்கும்போது பிரேக் டிஸ்க், டிரம், சைலன்சர் குழாய் ஆகியவற்றை மூட மறக்கக்கூடாது.

தகடு போய்விட்டால் பூச்சு எதுவும் உதவாது. வெல்டிங்தான். டகோமா விஷயம் பரவிய பிறகு அமெரிக்காவில் இந்தச் சட்டங்களுக்கென்றே அச்சுப்படி வளைத்த தகட்டுக் கூடுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. அரித்த பகுதியை வெட்டி எறிந்து, நல்ல இரும்பு வரும் இடம் வரை போய், கூட்டைப் பொருத்திப் பற்றவைப்பது. பொத்தலின்மேல் சும்மா ஒரு தகட்டை ஒட்டவைப்பது வேலையே அல்ல. சுற்றியுள்ள தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும், ஒட்டின் விளிம்பிலேயே கிழியும். ஒட்டுத் தகட்டின் முனையை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்ட வேண்டும், சட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே கோட்டில் வெல்டு ஓடக்கூடாது. சுமை வளைக்கும்போது அந்தக் கோட்டில்தான் விரிசல் பிறக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, பெட்ரோல், பிரேக் குழாய்களை ஒதுக்குவது, சேஸ் தொய்யாமல் முட்டுக் கொடுப்பது எல்லாம் சொல்லாமலே தெரியும். பலர் விடுவது இதை: வெல்டின் சூடு உள்பக்கப் பூச்சை எரித்துவிடும். வெளியே பெயின்ட் அடித்து முடித்தாலும் உள்ளே வெறும் இரும்பு நிற்கும். வெல்டிங் முடிந்து ஆறியதும் உள்ளே மெழுகு பீய்ச்சாவிட்டால், துரு முதலில் வருவது புதுத் தகட்டில்தான்.

நம் ஊருக்கு இது பொருந்துமா? பனி இல்லை, சாலையில் உப்பும் இல்லை. ஆனால் பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் எல்லாம் தனிச் சேஸ் மேல் உடல் பொருத்திய வண்டிகள்தான். கடற்கரை ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடியில் இரவில் ஈரப்பதம் அடிக்கடி அந்த 75 சதவீதத்தைத் தாண்டும், சமையல் உப்பும் கசியும். அளவு குறைவு, ஆனால் குளிர்காலம் என்று ஒன்று வந்து வேகத்தைத் தணிப்பதில்லை. மீன் ஏற்றும் வண்டிகளின் நிலைமை டகோமாவுக்கு ஏறத்தாழ சமம்: ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியே நேராகப் பின் கிராஸ் மெம்பரில் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் வாட்டர் வாஷ். கடலோர ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. துருவைத் தடுக்க வேண்டும் என்று மாதாமாதம் அடிச்சேஸைக் கழுவி, அதே கையோடு உப்பையும் உள்ளே ஏற்றி அனுப்புவது இங்கே சாதாரணம். தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை விடுவது உத்தமம்.

எரிந்த இஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து சேஸில் அடிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. காயாத எண்ணெய் என்ற வகையில் அது வேலை செய்யும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பழைய ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் கலந்திருக்கும், ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், சொட்டிச் சொட்டி மண்ணைக் கெடுக்கும். அதே தெளிப்பானில் மெழுகோ லானோலினோ அடிக்கலாம், செலவு கொஞ்சம்தான் கூடும்.

வெல்டிங் வரை போகிறவர்களுக்கு ஒன்று. சேஸ் நம்பர் சட்டத்திலேயே குத்தியிருக்கும். அந்த இடத்தில் கிரைண்டரும் வேண்டாம், கன்வர்ட்டரும் வேண்டாம், கெட்டியான பெயின்ட்டும் வேண்டாம். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதிகாரி முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். படிக்க முடியாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டி அங்கேயே நிற்கும். கையால் துடைத்து, எண் தெரியும்படி மெல்லிய மெழுகு மட்டும் தடவிவிட்டால் போதும்.